கோட்டை நடுவே ஒரு வட்டப் பொழில்

(டோம்பிவிலித் தமிழ் அன்பர்கள் கூடிய ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் சங்கத்து மேடையில் குறளமுதும் கம்பன் கவிநயமும் பலமுறை கேட்டு மகிழ்ந்திருக்கிறோம். இவ்வாண்டு செயலாளர் அவர்கள் என்னை அழைத்து, "பிறந்த ஊரைப் பற்றி நிறையப் பேசிவிட்டோம், பிழைக்க வந்த ஊரைப் பற்றியும் ஒரு சொற்பொழிவு இருக்கட்டும்" என்று பணித்தார்கள். மும்பை மாநகரைப் பற்றி ஒரு மணி நேரத்தில் என்ன சொல்ல இயலும்? கடலைச் செம்பில் முகந்து காட்டுவது போன்ற செயல் அது. ஆகவே நகரத்தை விட்டுவிட்டு, அதன் நடுவே இருக்கும் ஒரு சிறு பூங்காவை மட்டும் எடுத்துக்கொண்டேன். கோட்டைப் பகுதியில், ரிசர்வ் வங்கிக்குச் சற்றுத் தெற்கே, ஆசியாட்டிக் சங்கத்தின் படிகளுக்கு எதிரே இருக்கும் ஹார்னிமன் வட்டப் பூங்காவே அது. அதன் பரப்பு 12,081 சதுர கஜம். ஏறக்குறைய இரண்டரை ஏக்கர். நம் ஊர்ப்பக்கம் ஒரு நடுத்தரக் குடியானவர் வைத்திருக்கும் நன்செயின் அளவுதான். ஆயினும் அந்த இரண்டரை ஏக்கருக்குள் இந்நகரத்தின் வரலாறு பெரும்பகுதி அடங்கியிருக்கிறது என்பது என் கருத்து.

இந்த அவையில் அமர்ந்திருப்போரில் பலர் அந்தப் பூங்காவை ஆயிரம் முறை கடந்து சென்றிருப்பீர்கள். காலை வண்டியில் நின்றுகொண்டே சென்று, போரிபந்தரில் இறங்கி, தலைமை அஞ்சலகத்தைத் தாண்டி, நாணயச் சாலையைத் தாண்டி, கையில் டிபன் டப்பாவோடு விரைந்த கால்கள் நம்முடையவை. விரைந்து செல்பவனுக்கு வேலி தெரியும்; வேலிக்குள் இருப்பது தெரியாது. இன்று சற்று நின்று பார்ப்போம்.

முந்நூறு ஆண்டுகளுக்கு முன் அவ்விடத்தில் பூங்கா இல்லை, வட்டமும் இல்லை. மதில் சூழ்ந்த ஆங்கிலேயர் கோட்டையின் நடுவே ஒரு திறந்த வெளி இருந்தது. பரப்பு ஏறக்குறைய 15 ஏக்கர். 'பம்பாய் கிரீன்', அதாவது பம்பாய்ப் பசும்புல் வெளி, என்று அதனை அழைத்தார்கள். அதன் மேற்குப் பக்கத்தில் புனித தோமையார் ஆலயம் நின்றது. அந்த ஆலயத்தின் கதையே ஒரு தனிக்கதை. 1676இல் ஆளுநர் ஜெரால்டு ஆஞ்சியர் காலத்தில் தொடங்கிய கட்டடம், சுவர் எழும்பிய அளவில் நின்றுபோய், ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கூரையின்றிக் கிடந்தது. பின்னர் ரிச்சர்டு காப் என்னும் பாதிரியார் நன்கொடை திரட்டி, 1718ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் அதனைத் திறந்துவைத்தார். ஆலயத்துக்குச் செல்லும் வழியில் இருந்த மேற்குக் கோட்டை வாயிலுக்குச் 'சர்ச் கேட்' என்று பெயர் வந்தது. கோட்டை போயிற்று, வாயில் போயிற்று, பெயர் மட்டும் இரயிலேறிவிட்டது. மேற்கு இரயில்வேயில் பயணம் செய்யும் நம் பிள்ளைகள் நாள்தோறும் உச்சரிக்கும் சர்ச்கேட், இந்தச் சிற்றாலயத்தின் பெயரால் வந்ததே.

இன்னொரு செய்தியும் உண்டு. தாதரிலும் சயானிலும் சாலையோரங்களில் பழைய மைல்கற்கள் சில எஞ்சியிருந்தன. அவற்றில் பொறித்த மைல் கணக்கு இந்த ஆலயத்தின் வாயிலிலிருந்து எண்ணியதேயாகும். அக்காலத்துப் பம்பாய்க்கு இதுவே தொடக்கப் புள்ளி. எந்த ஊருக்கு எவ்வளவு தூரம் என்று கேட்டால், இந்தப் பசும்புல் வெளியில் நின்றுகொண்டுதான் விடை சொன்னார்கள்.

அந்த வெளியை நிரப்பியது புல்லன்று, பருத்தி. தக்காணத்திலிருந்தும் குஜராத்திலிருந்தும் வந்த பருத்திப் பொதிகள் மலைமலையாக அங்கே குவிந்தன. ஆலயத்துக்குச் செல்ல வழியில்லாத அளவுக்குக் குவிந்தன என்று எழுதி வைத்திருக்கிறார்கள். மாட்டு வண்டிகளும், சுமைதூக்குவோரும், தரகர்களும், பொதியைக் கிழித்துப் பஞ்சை விரலால் இழுத்துப் பார்க்கும் வணிகர்களுமாக, அது ஓயாத சந்தையாக விளங்கிற்று. இதனைப் படித்தபோது எனக்குச் சிலப்பதிகாரம் நினைவுக்கு வந்தது. மருவூர்ப்பாக்கத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் இடையே இருந்த சோலையில், மரங்களையே தூண்களாகக் கொண்டு நாளங்காடி நடந்ததாக இளங்கோவடிகள் பாடவில்லையா? துறைமுக நகரம் எதுவாயினும், அதன் நடுவே மரநிழலும் வெளியும் இருந்தால் வணிகம் அங்கேதான் கூடும் போலும்.

தீயச்சமும் நெரிசலும் மிகவே, 1844இல் பருத்திச் சந்தையைக் கொலாபாவுக்கு மாற்றினார்கள். பிற்காலத்தில் அது சிவ்ரிப் பக்கம் போயிற்று. துறைமுக இரயில் வழியில் 'காட்டன் கிரீன்' என்று ஒரு நிலையம் இருக்கிறதல்லவா? பருத்தியும் இல்லை, பசுமையும் இல்லை, ஏன் இந்தப் பெயர் என்று நம் பிள்ளைகள் கேட்டால், கோட்டைக்குள் இருந்த இந்த வெளியின் பெயர் நடந்து நடந்து அங்கே போய்ச் சேர்ந்தது என்று சொல்லலாம்.

பருத்தி போனபின் வெளி வெறிச்சோடியது. கேட்பாரற்ற இடம் என்றால் ஊரார் என்ன செய்வார்கள்? நம் ஊராயினும் அந்த ஊராயினும் ஒன்றுதான். தேங்காய் ஓடும் இடிபாட்டுக் கல்லும் குப்பையும் வந்து சேர்ந்தன. அந்தக் குப்பைமேட்டுக்குக் கிழக்கெல்லையில்தான் 1833இல் கட்டி முடித்த நகர மண்டபம், கர்னல் தாமஸ் கௌப்பர் வகுத்த கிரேக்க பாணித் தூண்களோடும் 30 படிகளோடும் கம்பீரமாக நின்றது. கிழக்கே கல்விக்கோயில், மேற்கே கடவுட்கோயில், இடையே குப்பை!

குப்பை கிடந்த காலத்திலும் அந்த வெளி உயிரோடு இருந்தது என்பதற்கு இரண்டு சான்றுகள் உண்டு. ஒன்று, அங்கே மாடத்தின் கீழ் நின்ற காரன்வாலிஸ் பிரபுவின் சிலை. வெள்ளைக்காரத் தளபதியின் உருவத்தை நம் மக்கள் ஏதோ ஒரு தெய்வம் என்று கொண்டு, மாலை சூட்டி வழிபட்டு வந்தார்கள். அதிகாரிகள் எவ்வளவோ எடுத்துச் சொல்லியும் விடவில்லை. எல்லைச்சாமிக்குக் குதிரை செய்துவைக்கும் நாட்டிலிருந்து வந்த நமக்கு இதில் வியப்பில்லை. அந்தச் சிலை 1960களில் அங்கிருந்து அகற்றப்பெற்று, பைகுல்லாவில் உள்ள பாவு தாஜி லாட் அருங்காட்சியகத்தின் தோட்டத்தை அடைந்தது.

மற்றொன்று, நகர மண்டபத்துக்கு முன்னிருந்த ஆலமரம். 1850களில் பங்குத் தரகர் சிலர் அந்த மரத்தடியில் கூடிப் பேரம் பேசத் தொடங்கினார்கள். இருபது, இருபத்திரண்டு பேர்தாம். கூரையில்லை, நாற்காலியில்லை, சட்டதிட்டமும் இல்லை. நாவும் நாணயமுமே முதல். கூட்டம் பெருகப் பெருக மரம் மாறி மரம் மாறிச் சென்று, 1874இல் ஒரு தெருவில் நிலைகொண்டார்கள். அத்தெருவுக்கே தலால் தெரு, அதாவது தரகர் தெரு, என்று பெயராயிற்று. 1875இல் அவர்கள் அமைத்த சங்கமே பம்பாய்ப் பங்குச் சந்தை. நம் குடும்பங்களில் மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பத்துப் பங்கு வாங்கி வைத்தவர்கள் எத்தனை பேர்! அந்தப் பத்திரத்தின் மூதாதை ஓர் ஆலமரம்.

இனி வட்டம் பிறந்த கதைக்கு வருகிறேன். இதில் ஒரு வியப்பான மனிதர் வருகிறார். அவர் பெயர் சார்லஸ் ஃபோர்ஜெட். பம்பாயின் காவல்துறைத் தலைவர். இந்தியாவிலேயே பிறந்து வளர்ந்தவர். அவருடைய தந்தை நம் சென்னைப் பீரங்கிப் படையில் பணியாற்றியவர். நாட்டு மொழிகளைத் தண்ணீர்பட்ட பாடாகப் பேசுவார். மாறுவேடம் புனைவதில் வல்லவர். 1857இல் வடநாடெங்கும் கிளர்ச்சி மூண்டபோது, பம்பாய்ச் சிப்பாய்களிடையே எழுந்த எண்ணத்தை மாறுவேடத்தில் சென்று ஒட்டுக்கேட்டு அறிந்தவர் இவரே. அதன் விளைவாக அவ்வாண்டு அக்டோபர் 15ஆம் நாள் சையத் உசேன், மங்கள் காடியா என்னும் இருவரைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார்கள். பின்னாளில் ஆசாத் மைதானம் என்று பெயர் பெற்ற வெளியில், மக்கள் பார்க்க நடந்த கொடுமை அது.

அந்த ஃபோர்ஜெட்தான் இந்தக் குப்பைமேட்டைப் பார்த்து, "இங்கே ஒரு பூங்கா வேண்டும், அதைச் சுற்றி வட்டமாக ஒரேமாதிரியான மாளிகைகள் வேண்டும்" என்னும் திட்டத்தை முதலில் முன்வைத்தவர். கொடுமைக்குத் துணைபோன கையே பூங்காவுக்கும் கோடு போட்டது. வரலாற்றில் மனிதர்களை நல்லவர் பெட்டியிலும் தீயவர் பெட்டியிலும் பிரித்து அடுக்க முயல்வோர்க்கு இந்த மனிதர் இடர்தான் தருவார். நான் அவரை மன்னிக்கச் சொல்லவில்லை, மறைக்கவும் விரும்பவில்லை.

ஆளுநர் எல்பின்ஸ்டன் பிரபு திட்டத்தை ஆதரித்தார். அவருக்குப் பின் வந்த சர் பார்டில் ஃபிரியர் அதனை நிறைவேற்ற முனைந்தார். காலமும் கைகொடுத்தது. 1861இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. அங்கிருந்து லங்காஷயர் ஆலைகளுக்குச் சென்ற பருத்தி நின்றது. உலகத்துப் பொன்னெல்லாம் பம்பாய்ப் பருத்தியைத் தேடி வந்தது. ஊரில் பணம் வெள்ளமாகப் பெருகியது. 1862 தொடங்கிக் கோட்டை மதில்களை இடித்து ஊரை விரிக்கத் தொடங்கினார்கள். இடித்த சர்ச் கேட் வாயிலின் இடத்தில் 1864இல் எழுந்ததுதான் ஃபுளோரா நீரூற்று. இந்த வேகத்தில் நகராட்சி, பசும்புல் வெளியைத் தன்வசமாக்கி, சுற்றுப்புறத்தை மனைகளாகப் பிரித்து விற்று, நல்ல ஆதாயமும் கண்டது. மனை வாங்கிய ஒவ்வொருவரும் தம் விருப்பம்போல் மாடம் எழுப்பவில்லை. ஒரே உயரம், ஒரே வளைவு, தெருவோரம் நடப்பார்க்கு வெயிலும் மழையும் படாத வளைவுத் தாழ்வாரம் என்று ஒரு கட்டுப்பாட்டுக்குள் கட்டினார்கள். மும்பையின் ஆடி மாத மழையில் அந்தத் தாழ்வாரத்தின் அருமை தெரியும். குடையை மடக்கிக்கொண்டு அரைவட்டம் முழுவதும் நனையாமல் நடக்கலாம். நம் ஊர்த் திண்ணையை நீட்டி வளைத்துத் தெருவுக்குக் கொடுத்தது போல் இருக்கும்.

1865இல் அமெரிக்கப் போர் முடிந்தது. பருத்தி விலை சரிந்தது. பங்கு வாங்கிய செல்வர் பலர் ஒரே கோடையில் ஓட்டாண்டிகளானார்கள். அந்தச் சரிவுக்கும் தப்பிப் பூங்காப் பணி பின்னர் நடந்தது. 1869இல் தொடங்கி 1872இல் முடித்தார்கள். நடுவே நீரூற்று, சுற்றிலும் நடைபாதை, ஓரமெங்கும் மரம், இரும்பு வேலி. ஆளுநரின் நினைவாக 'எல்பின்ஸ்டன் வட்டம்' என்று பெயர் வைத்தார்கள். மாலைவேளையில் பேண்டு வாத்தியம் முழங்கும். பார்சிக் குடும்பங்கள் திரண்டு வந்து அமர்ந்து காற்று வாங்குவார்கள்.

இந்த இடத்தில் நம் சென்னையின் கதையை ஒன்று சொல்ல வேண்டும். சென்னையில் ஆளுநராக இருந்த சர் சார்லஸ் டிரெவெலியன், ஏறத்தாழ இதே காலத்தில், 1859-60இல், 'பீப்பிள்ஸ் பார்க்' என்னும் மக்கள் பூங்காவை அமைத்தார். அதன் பரப்பு 116 ஏக்கர். குளங்கள் உண்டு, விலங்குக் காட்சிச்சாலை உண்டு, இசைமேடை உண்டு, வண்டி ஓட மைல் கணக்கில் பாதைகள் உண்டு. இரண்டரை ஏக்கர் எங்கே, 116 ஏக்கர் எங்கே! அந்தப் பெரும்பூங்கா எங்கே போயிற்று? விக்டோரியா பொதுமண்டபத்துக்குக் கொஞ்சம், 1900இல் திறந்த மூர் மார்க்கெட்டுக்குக் கொஞ்சம், 1913இல் எழுந்த ரிப்பன் மாளிகைக்குக் கொஞ்சம், விளையாட்டரங்குக்குக் கொஞ்சம், இரயில்வேக்குக் கொஞ்சம் என்று கிள்ளிக் கிள்ளிக் கொடுத்தே தீர்ந்துவிட்டது. மூர் மார்க்கெட்டும் 1985இல் தீயில் அழிந்தது. விலங்குகளும் அதே ஆண்டில் வண்டலூருக்குக் குடிபெயர்ந்தன. கொடுத்த ஒவ்வொன்றும் நல்ல காரியத்துக்கே கொடுத்தார்கள் என்பதுதான் இதில் வருத்தம் தரும் பகுதி. ஆக்கிரமித்தவனை விரட்டலாம், நற்காரியத்தை எப்படி விரட்டுவது?

கோட்டையின் சிறு பூங்கா தப்பியதற்கு என் சிற்றறிவுக்கு எட்டிய காரணம் அதன் வடிவமே. சுற்றிலும் தெரு, தெருவுக்கு அப்பால் முகம் திருப்பி நிற்கும் மாளிகைகள். ஒரு மூலையை வெட்டிக் கொடுக்கலாம் என்றால் வட்டத்துக்கு மூலையே இல்லை. சுற்றியிருந்த வங்கிகளும் வணிக நிறுவனங்களும் தங்கள் முற்றம் போல் அதனை மதித்தன. 1995இல் மும்பைக்கென வந்த பாரம்பரியப் பாதுகாப்பு விதிகள் அப்பகுதிக்கு மேலும் அரணாயின.

இப்போது பெயர்க் கதை. இதற்காகவே இவ்வளவு சுற்றி வந்தேன்.

பெஞ்சமின் கை ஹார்னிமன் 1873இல் இங்கிலாந்தின் சஸ்ஸெக்ஸ் பகுதியில் பிறந்தவர். பத்திரிகைத் தொழிலில் பழகி, 1906இல் கல்கத்தாவுக்கு வந்து ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் சேர்ந்தார். 1913இல் பெரோஸ்ஷா மேத்தா பம்பாயில் 'பாம்பே கிரானிகிள்' நாளிதழைத் தொடங்கியபோது, அதன் ஆசிரியர் நாற்காலியில் இவரை அமர்த்தினார். ஆளும் இனத்தில் பிறந்தவர். ஆளப்படுவோர் பக்கம் நின்று எழுதினார். தன்னாட்சி இயக்கத்திலும், காந்தியடிகள் ரௌலட் சட்டத்தை எதிர்த்துத் தொடங்கிய சத்தியாக்கிரக சபையிலும் முன்னணியில் இருந்தார்.

1919 ஏப்ரல் 13இல் அமிர்தசரஸில் ஜாலியன்வாலா பாக் படுகொலை நடந்தது. பஞ்சாபிலிருந்து ஒரு செய்தியும் வெளியே வராதபடி அரசு வாயை அடைத்தது. ஹார்னிமன் அடைப்பை உடைத்தார். அவருடைய ஏடு பஞ்சாபின் கொடுமைகளை வெளியிட்டது. அதற்காக அவ்விதழின் செய்தியாளர் கோவர்தன் தாஸ் மூன்றாண்டு சிறைத்தண்டனை பெற்றார். ஹார்னிமனையோ ஏப்ரல் மாத இறுதியில், நோய்ப்படுக்கையிலிருந்து எழுப்பிக் கப்பலேற்றி இங்கிலாந்துக்கு நாடு கடத்தினார்கள். எண்ணிப் பாருங்கள்: ஓர் ஆங்கிலேயரை அவருடைய பிறந்த நாட்டுக்கே நாடு கடத்துவது! தண்டனை என்று அரசு கருதியது எதனை? இந்தியாவைப் பிரிவதனை. அவருடைய உள்ளம் எந்த மண்ணில் வேர் கொண்டிருந்தது என்பதை அவருடைய நண்பர்களைவிடப் பகைவர்களே நன்கு அறிந்திருந்தார்கள் என்று தோன்றுகிறது.

காந்தியடிகள் மே 11ஆம் நாளை ஹார்னிமனுக்காகக் கடையடைப்பு நாளாக அறிவித்தார். ஊர்வலம் வேண்டா, கூச்சல் வேண்டா, அமைதியாகக் கடையை அடையுங்கள் என்றார். பம்பாய் அவ்வாறே அடங்கி நின்றது. ஒரு வெள்ளைக்காரருக்காகக் கறுப்பர் நகரம் கதவடைத்தது. இங்கிலாந்திலும் அவர் வாளாவிருக்கவில்லை; 1920இல் அமிர்தசரஸைப் பற்றி ஒரு நூல் எழுதி வெளியிட்டார். 1926இல்தான் அவரால் இந்தியாவுக்குத் திரும்ப முடிந்தது. மீண்டும் அதே ஏடு, பின் வேறு ஏடுகள். 1933இல் 'பாம்பே சென்டினல்' என்னும் மாலை இதழைத் தொடங்கிப் பல்லாண்டு நடத்தினார். விடுதலையைக் கண்ணாரக் கண்டு, 1948 அக்டோபரில் காலமானார்.

விடுதலைக்குப்பின் எல்பின்ஸ்டன் வட்டம் ஹார்னிமன் வட்டமாயிற்று. ஆளுநரின் பெயரை எடுத்துவிட்டு, ஆளுநர்கள் அஞ்சிய ஒருவரின் பெயரை வைத்தார்கள். எடுத்ததும் ஆங்கிலப் பெயர், வைத்ததும் ஆங்கிலப் பெயர்! தெருப்பெயர் மாற்றங்கள் எத்தனையோ பார்த்திருக்கிறோம். இப்படி ஒன்றை வேறெங்கும் எளிதில் காணமாட்டீர்கள். 1857இல் பீரங்கி வாயில் இருவரைக் கட்டச் செய்தவர் போட்ட வட்டம், 1919இல் துப்பாக்கி வாயில் மாண்டவர்களுக்காகக் குரல் கொடுத்தவரின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இந்தப் பெயரை நான் இங்கே இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. நாம் இவ்வூருக்கு வந்தவர்கள். திருநெல்வேலியிலிருந்து தோல் பதனிடும் கைத்திறனோடு தாராவிக்கு வந்தவர்கள் உண்டு. தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் கற்றுக்கொண்டு, தஞ்சையிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் ஒரு தகரப் பெட்டியோடு மாதுங்காவுக்கு வந்து, ஓர் அறையில் எண்மராகப் படுத்தெழுந்து, பின் குடும்பம் பெருகிய காலத்தில் செம்பூருக்கும் முலுண்டுக்கும் டோம்பிவிலிக்கும் நகர்ந்தவர்கள் உண்டு. வந்தவர்களைப் பார்த்து, "நீ யார்? எப்போது போவாய்?" என்னும் கேள்வி அவ்வப்போது எழத்தான் செய்தது. 1960களின் பிற்பகுதியில் தென்னாட்டுக் குமாஸ்தாக்களுக்கு எதிராக இந்நகரில் எழுந்த குரலை மூத்தோர் மறந்திருக்க மாட்டீர்கள். அலுவலகத்தில் தமிழில் பேசத் தயங்கிய நாட்கள் அவை. என் நண்பர்களில் சிலர் அந்நாளில் தம் பெயர்ப்பலகையையே வாயிலிலிருந்து கழற்றி வைத்தார்கள்.

அந்த நாட்களில் நான் கோட்டையில் ஓர் அலுவலகத்தில் பணியாற்றி வந்தேன். நண்பகலில் இந்தப் பூங்காவின் கல்லிருக்கையில் அமர்ந்துதான் எங்கள் தயிர்ச்சோற்று டப்பாக்கள் திறக்கும். பக்கத்து இருக்கையில் பார்சி முதியவர், எதிரே புல்லில் துண்டை விரித்துறங்கும் கொங்கணத்துச் சுமைதூக்கி, அப்பால் ஒரு குஜராத்தி எழுத்தர். ஊறுகாய் கைமாறும், பதிலுக்குத் தேப்லா வரும். பூங்காவின் வேலிக்குள் யாரும் யாரையும் ஊர் கேட்டதில்லை. வாயிலில் எழுதியிருந்த பெயர் யாருடையது என்று நாங்களும் அந்நாளில் கேட்டதில்லை. வேறொரு நாட்டில் பிறந்து, இவ்வூருக்காக எழுதி, இவ்வூருக்காக நாடு கடத்தப்பெற்று, திரும்பி வந்து இவ்வூரிலேயே கண்மூடிய ஒருவரின் பெயரைத் தன் நெஞ்சின்மேல் எழுதிவைத்திருக்கிறது இந்நகரம். "நீ யார்?" என்று கேட்பவருக்கு இந்நகரமே முன்கூட்டி எழுதி வைத்த விடைகளுள் அதுவும் ஒன்று என்று நான் கருதுகிறேன். அது முழு விடையா என்றால், அன்று. ஹார்னிமனுக்குப் பேனா இருந்தது, ஏடு இருந்தது. பொதி சுமந்தவனுக்கும் தோல் பதனிட்டவனுக்கும் வட்டமும் இல்லை, வாயிற்பெயரும் இல்லை. இதனையும் சொல்லாமல் விட்டால் நான் பாதியே சொன்னவனாவேன்.

பத்திரிகை என்றதும் நம்மவர் ஒருவரை நினைக்காமல் அப்பால் செல்ல மனம் வரவில்லை. தமிழில் 'விவேக சிந்தாமணி' இதழை நடத்திய சி. வி. சுவாமிநாத ஐயரின் மகனார் எஸ். சதானந்த், இதே கோட்டைப் பகுதியில் 1930இல் 'ஃப்ரீ பிரஸ் ஜர்னல்' நாளிதழைத் தொடங்கினார். அரசு பிணைத்தொகை கேட்கும், கட்டுவார், எழுதுவார், தொகை பறிபோகும், மீண்டும் கட்டுவார். அவரைப் பற்றித் தனியாக ஒரு நாள் இம்மேடையில் யாரேனும் பேச வேண்டும் என்பது என் விண்ணப்பம். ஹார்னிமனை ஆங்கிலேயர் என்று வியக்கும் நாம், சதானந்தைத் தமிழர் என்று அறியாமலே அவருடைய ஏட்டை இரயிலில் படித்துக்கொண்டு வந்தோம்.

இனிக் கடைசியாக, நடைமுறைச் செய்தி ஒன்று. செயலாளர் அவர்கள் இசைவு தந்திருக்கிறார்கள். குளிர்காலத்து ஞாயிறு ஒன்றில் நம் சங்கத்துக் குடும்பங்கள் அங்கே சென்று வரலாம். அலுவலக நெரிசல் இல்லாத நாள். தெரு அமைதியாக இருக்கும். போரிபந்தர் நிலையத்தில், அதாவது சத்ரபதி சிவாஜி மகராஜ் நிலையத்தில் இறங்கினால், நம் ஊர் நடைக்குப் பதினைந்து நிமிடம். முதலில் நகர மண்டபத்தின் 30 படிகளிலும் ஏறி நின்று, அங்கிருந்து பூங்காவைப் பாருங்கள். வட்டம் முழுதாகத் தெரியும் இடம் அதுதான். பின் தாழ்வாரத்தில் வலமாக நடந்து வாருங்கள். ஒவ்வொரு வளைவின் உச்சியிலும் கல்லில் செதுக்கிய முகங்களைக் குழந்தைகள் எண்ணட்டும். வழியில் செந்நிறக் கட்டடம் ஒன்று வரும். 1822இல் தொடங்கி நடந்துவரும் 'மும்பை சமாச்சார்' என்னும் குஜராத்தி நாளிதழின் இல்லம் அது. அந்தக் கட்டடம் நிற்கும் தெருவின் பெயரைப் படியுங்கள்: சையத் அப்துல்லா பிரெல்வி சாலை. ஹார்னிமனுக்குப் பின்னாளில் 'பாம்பே கிரானிகிள்' ஏட்டின் ஆசிரியராக இருந்து, 1949இல் மறைந்தவர் பிரெல்வி. அந்த நாளிதழ் 1959இல் நின்றுபோயிற்று. அதன் ஆசிரியர் இருவர் மட்டும், ஒருவர் வட்டமாகவும் ஒருவர் சாலையாகவும், அங்கே பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறார்கள்.

சோற்று டப்பாவை மறவாமல் கொண்டு வாருங்கள். வர விரும்புவோர் செயலாளர் அவர்களிடம் பெயர் கொடுத்துவிடலாம்.